அடுப்பைப் பார்க்காத நானூற்றுப் பன்னிரண்டு பேர்

எங்கள் அருங்காட்சியகத்தில், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் பழைய அடுப்புகள் நாற்பத்தொன்று இருந்தன. ஒன்றிலும் நெருப்பு கிடையாது. தீயணைப்புத் துறை அனுமதிக்கவில்லை. ஹெல்சிங்கி துறைமுகத்திலிருந்து டிராமில் இரண்டாவது நிறுத்தம். கப்பலை விட்டு இறங்கி, காற்றில் மூக்கு சிவந்து, வாசலில் இருக்கும் அடுப்புப் படத்தை நம்பி உள்ளே வருகிறவர்கள் பச்சை ஓடு பதித்த பெரிய அடுப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் என்ன செய்ய? கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் காட்டுவேன். அங்கே ஹீட்டராவது உண்டு.

வேலை செய்தது நாங்கள் இரண்டே பேர். ஐலா பொறுப்பாளர். அறுபத்திரண்டு வயது, முன்பு தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவள். வேலையோடு சேர்த்து மாடியில் இரண்டு அறைகள் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் வடக்கே கயானி ஊரில் தம்பி வீட்டுப் பின்னறைதான் கதி என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் மற்ற எல்லாம்: டிக்கெட், துடைப்பம், பல்பு மாற்றுவது, காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் காப்பி போடுவது. பதினோரு வருடம் அப்படிப் போனது. எனக்கு ஐலாவைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லப் பதினோரு வருடம் போதவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். காப்பியை அவள் கோப்பையில் முதலில் ஊற்றுவேன். அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எங்களுக்குச் சோறு போட்டது நகர அட்டை. சுற்றுலா வருகிறவர்கள் அதை வாங்கினால் மூன்று நாளைக்கு டிராம், மெட்ரோ, படகு எதிலும் ஏறலாம், அருங்காட்சியகங்களுக்குள்ளும் போகலாம். முதல் தடவை காட்டிய நிமிடத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அட்டைக்காரர்கள் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். எங்கள் மேசையில் ஒரு ஸ்கேனர் இருந்தது. அட்டையை அதன் மேல் வைத்தால் ஒரு 'பீப்'. உடனே அட்டை அலுவலகத்தின் கணினியில் எங்கள் பெயரில் ஒரு வருகை ஏறிவிடும். வருடத்துக்கு ஐயாயிரம் வருகை வேண்டும். குறைந்தால் அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள்; அட்டையில் இல்லாத இடத்துக்கு மாநகராட்சி மானியம் தராது. மானியம் இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதில் ஐலா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அடுப்பைப் பார்த்தவர்களின் அட்டையை மட்டும்தான் ஸ்கேனரில் வைக்க வேண்டும். கழிப்பறைக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர், அடுத்த டிராமுக்குப் பத்து நிமிடம் இருக்கிறதே என்று உள்ளே நின்றவர், இவர்களுக்கெல்லாம் பீப் கிடையாது. இது அவளுக்கு முன் இருந்த பொறுப்பாளர் சொல்லிக்கொடுத்தது. அட்டை காகிதமாக இருந்த காலத்தில், பார்த்துவிட்டுப் போகிறவருக்குத்தான் வாசலில் முத்திரை குத்துவார்களாம். ஸ்கேனர் வந்தபோது அட்டை அலுவலகம் நாற்பது பக்கத்தில் புதிய விதிமுறை அனுப்பியது. ஐலா அதை அச்சிட்டு, துளை போட்டு, கோப்பில் வைத்தாள். அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வேலைதானே என்று இருந்துவிட்டோம்.

ஒரு முறை போர்ச்சுகல்காரி ஒருத்தி கழிப்பறையிலிருந்து வந்து, தானாகவே அட்டையை நீட்டினாள். அட்டை வாங்கியதற்கு இன்னும் இரண்டு இடமாவது போட்டால்தான் தனக்கு நிம்மதி என்றாள். ஐலா அவளை அடுப்பைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், டிராமைப் பார்த்தாள், ஐலாவைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள், போய்விட்டாள். ஐலா தன் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கோடு போட்டாள். சும்மா வந்து போனவர்களுக்கு ஒரு கோடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைதுடைக்கும் தாள் எத்தனை கட்டு வாங்குவது என்று தெரிய வேண்டுமே.

அந்த வருடம் கோடையில் எங்கள் வாசலுக்கு எதிரே தண்டவாளம் மாற்றினார்கள். டிராம் நிறுத்தத்தைத் தூக்கி மூலைக்கு அப்பால் வைத்துவிட்டார்கள். ஜூன், ஜூலை இரண்டும் கிட்டத்தட்ட போயே போயின. செப்டம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் மூவாயிரத்து எழுநூறு. மீதி மூன்று மாதமும் குளிர். ஐலா இரண்டு மணிக் காப்பியின்போது ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள், ஒரு துண்டும் வாயில் போடவில்லை. அந்தத் தட்டைக் கழுவும்போதுதான் நான் முடிவு செய்தேன்.

அவளுக்கு வியாழனும் ஞாயிறும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் நான் கதவருகே நின்றுகொண்டேன். யார் உள்ளே வந்தாலும் முதலில் அட்டை, பிறகு கழிப்பறை. மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த எஸ்டோனியத் தகப்பன் அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தான், அதையும் வாங்கி வைத்தேன். எனக்கு வெட்கமாக இல்லை, உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு பீப்புக்கும் சந்தோஷமாக இருந்தது. டிசம்பர் இருபத்தேழாம் தேதி ஐயாயிரத்தைத் தாண்டினோம். ஐலா அன்று கடைக்குப் போய் ஒரு முழு கேக் வாங்கி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் கேக் வாங்கி நான் பார்த்ததில்லை. காப்பி குடித்துக்கொண்டே, இனி ஒரு வருடம் கவலையில்லை என்றாள். அவள் சிரித்தால் கன்னத்தில் ஒரு குழி விழும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, தாள் வாங்குவதற்காக நோட்டைத் திறந்தாள். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு என் மேசைக்கு வந்து நோட்டை விரித்து வைத்தாள்.

"வியாழனும் ஞாயிறும் மட்டும் ஹெல்சிங்கியில ஒருத்தருக்கும் மூத்திரம் வரலையா, வெய்க்கோ?"

நான் திருடுவேன், ஆனால் திறமையாகத் திருட மாட்டேன். அந்த இரண்டு நாட்களுக்கும் பொய்யாக நாலு கோடு போட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். எனக்கு அது மனப்பாடம்.

"எல்லாரும் உள்ளதானே வந்தாங்க? அட்டையும் அவங்கவங்களது. இதுல என்ன தப்பைக் கண்டீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க அடுப்பைப் பார்த்தாங்களா?"

"கையைக் கழுவினாங்க."

"அப்ப அது வருகை இல்ல" என்றாள் ஐலா.

அன்று மாலையே அட்டை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். எங்கள் எண்ணிக்கையில் நானூற்றுப் பன்னிரண்டு தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, தயவுசெய்து கழித்துவிடவும். என் பெயரை எழுதவில்லை. தவறு பொறுப்பாளருடையது என்று போட்டுக் கையெழுத்திட்டாள். நான் கெஞ்சினேன். இந்த வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்றேன். மாடி அறையை நினைத்துப் பாருங்கள் என்றேன். இந்த ஒரு வருடம் மட்டும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். கழித்தால் வருவது நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அதை அவள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருப்பாள்.

ஜனவரியில் பதில் வந்தது. எண்ணிக்கை திருத்தப்பட்டது, நன்றி. இரண்டாவது பத்தியில், ஏப்ரல் முதல் அட்டையில் நீங்கள் இல்லை. பிப்ரவரியில் மாநகராட்சி மானியத்தை நிறுத்தியது. கட்டடத்தை ஒரு பல் மருத்துவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அடுப்புகளை வேறு ஊரில் ஒரு கிடங்கில் வைப்பதாக முடிவாயிற்று. மார்ச் முழுவதும் நாங்கள் ஓடுகளைக் கழற்றி, எண் எழுதி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். கதவு மட்டும் வழக்கம்போலத் திறந்தே இருந்தது. அட்டையில் இன்னும் எங்கள் பெயர் இருந்ததே. நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியை மட்டும் நேரத்துக்கு ஊற்றினேன், முதலில் என் கோப்பையில்.

கடைசி வாரத்தில் ஸ்கேனரைத் திரும்ப எடுத்துப் போக அட்டை அலுவலகத்திலிருந்து யொன்னா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஐலா பெட்டி வாங்க வெளியே போயிருந்தாள். நான் ஸ்கேனரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஜெர்மன்காரக் குடும்பம் ஒன்று, நாலு பேர், கழுத்தில் அட்டை தொங்க உள்ளே வந்தது. நேரே கழிப்பறை. ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள்.

இவர்களை ஏன் போடவில்லை என்று யொன்னா கேட்டாள். அடுப்பைப் பார்க்கவில்லையே என்றேன். அவள் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அட்டையோட உள்ள காலை வெச்சாலே வருகைதாங்க. விதிமுறையில நாலாம் பக்கத்துல இருக்கே. எல்லா இடத்துலயும் அப்படித்தானே போடுறாங்க."

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைத்தோம், நீங்களே கழிக்கச் சொன்னீர்கள், கழித்தோம் என்றாள். இப்போது திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், நல்ல பெண், அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டாள். போன வருடக் கணக்கு முடிந்துவிட்டது, இடமும் கைமாறிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்றாள். ஸ்கேனரைப் பைக்குள் வைத்துக்கொண்டு டிராம் ஏறினாள்.

நான் விதிமுறைக் கோப்பை எடுத்து நாலாம் பக்கத்தைப் பார்த்தேன். இருந்தது. தடித்த எழுத்தில், கட்டம் கட்டி, குழந்தைக்கும் புரிகிற மாதிரி இருந்தது. ஐலாவின் நோட்டையும் எடுத்துப் போன வருடக் கோடுகளைக் கூட்டினேன். இரண்டாயிரத்து ஐநூற்றுக்கு மேல் வந்தது. நாங்கள் ஐயாயிரத்துக்குத் தவித்த வருடத்தில் எங்கள் கதவுக்குள் ஏழாயிரத்து ஐநூறு பேர் வந்திருக்கிறார்கள். டிராம் நிறுத்தத்தை அந்த ஊர்க் கோடியில் வைத்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் பழைய நோட்டுகளைத் திறக்கவில்லை.

கோப்பை மூடி வைத்தேன். இதை அவளிடம் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தேன். நிஜமாகவே முடிவு செய்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஐலா பெட்டிகளோடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பச்சை அடுப்பின் கடைசி வரிசை ஓடுகளைச் சுற்ற உட்கார்ந்தாள். அட்டை அலுவலகப் பெண் வந்தாளா என்று கேட்டாள். வந்தாள், ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். இரண்டு மாதமாக நான் பேசாததற்கு அன்று சமாதானம் செய்துவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க கோபம் எனக்குத் தெரியும். ஆனா நாம சரியானதைச் செஞ்சுட்டுத்தான் போறோம், வெய்க்கோ. தம்பி வீட்டுல நான் நிம்மதியாத் தூங்குவேன். எனக்கு அது போதும்."

அந்த 'போதும்' என்னைச் சுட்டது. அவளுக்குப் போதும். எனக்கு? வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கோப்பை எடுத்துவந்து அவள் மடியில் நாலாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கட்டம் கட்டிய வரியை விரலால் காட்டினேன். யொன்னா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஏழாயிரத்து ஐநூறு என்ற எண்ணை இரண்டு தடவை சொன்னேன், ஒரு தடவை போதாது என்று.

ஐலா படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். அவள் அழவில்லை. கோப்பை மூடி என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று ஒரு பதில் நாக்கு வரைக்கும் வந்தது, அதை எப்படியோ விழுங்கிவிட்டேன். அவள் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி ஏறிப் போனாள். கயானிக்கு அவள் கொண்டுபோக இருந்தது அந்த ஒரு நிம்மதிதான், அதை நான் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் காலை பத்து மணிக் காப்பிக்கு அவள் இறங்கி வரவில்லை, இரண்டு மணிக்கும் வரவில்லை. மிச்சமிருந்த ஓடுகளை நானே சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன்.