ஒயின் அட்டையில் ஒரு கையெழுத்து

ராசாங்கம் அட்டையை நீட்டியபோதே சத்யப்பிரியாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பதினான்கு ஒயின்களின் பெயர்கள்; பதினான்குக்கும் கீழே 'உயர்ந்த ரகம்' என்று ஒரே வர்ணனை. வெள்ளைக்கும் அதே, சிவப்புக்கும் அதே. எழுதியவன் ஒன்றையாவது மோந்து பார்த்திருப்பானா?

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் ஆட்டுக்கால் சூப்புக்குப் பேர்போன ஓட்டல் அது. போன தையில்தான் பாரையும் சேர்த்தார்கள். முதலாளி ராசாங்கம் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய 'அம்மா', 'தம்பி'. சொந்த பாரில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

சத்யப்பிரியா பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் ஆறு வருஷம் ஒயின் பரிமாறியவள். எந்தக் கறிக்கு எது சேரும் என்று சொல்வதுதான் அவள் தொழில். சிமெண்ட் மூட்டை சுமந்தே இடுப்பு போய்ப் படுத்துவிட்ட அப்பா தர்மனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, உள்ளூரில் வேலை தேடி வந்திருந்தாள். மேனேஜர் வேலை தயாராக இருந்தது. ஒயின்களைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அடியில் 'தேர்வு செய்தவர்: சத்யப்பிரியா, பெங்களூரு' என்று முன்கூட்டியே எழுதியிருந்தது; அவள் படத்தோடு அப்படியே அச்சடிப்பார்களாம்.

"சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போட்டுடும்மா. சாயங்காலமே பிரஸ்ஸுக்குக் கொடுத்துடலாம்."

"பாத்துட்டு இல்லீங்க சார். குடிச்சுப் பாத்துட்டு."

முதல் பாட்டில் நாக்கில் பட்டதுமே முகம் சுளித்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது வரும்போது புளிப்பில் பல்லெல்லாம் கூசியது. ஒன்றிரண்டு கெட்டுப்போகலாம், வரிசையாக எல்லாமா கெடும்? தக்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அத்தனையும் முன்பே திறந்து, கட்டைவிரலால் மறுபடி அமுக்கியவை. பாட்டில்களின் கழுத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"சார், இதெல்லாம் எப்பத் தொறந்தீங்க?"

"பார் தொறக்கறதுக்கு மொத நாளு." ராசாங்கத்தின் முகம் மலர்ந்தது. "வேப்பந்தட்டைல நம்ம காட்டு முனியப்பனுக்கு வச்சுப் படைச்சேன்."

"பதினாலையுமா தொறந்தீங்க?"

"மூடியோட வச்சா சாமி எப்படிம்மா குடிக்கும்?"

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்த ஒயின் ஒரு வாரம் தாங்காது, புளித்துவிடும். தையில் திறந்தது, இப்போது புரட்டாசி. எட்டு மாதமாக இதைத்தான் கிளாஸ் கிளாஸாக ஊற்றி விற்றிருக்கிறார்கள்.

"எங்க வூட்லயும் முனியப்பனுக்குப் படைக்கிறதுதாங்க. அன்னிக்கே பங்கு போட்டு முடிச்சிடுவோம். எட்டு மாசம் வச்சு விக்க மாட்டோம்."

"படைச்சதக் கீழ ஊத்துனா சாமி குத்தமாயிடும்மா."

"பிரசாதத்தைக் காசுக்கு விக்கிறது மட்டும் குத்தமில்லையா?"

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் முத்தமிழ்செல்வன் ஒரு கிண்ணத்தோடு வந்தார். ஓரத்தில் இருந்த பாட்டிலை உரிமையோடு எடுத்துக் கிண்ணத்தில் சரித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"சில்லி சிக்கனுக்கும்மா. ரெண்டு மாசமா வினிகரே வாங்கறதில்ல. இதுவே நல்லாப் பிடிக்குது."

ராசாங்கத்தின் கண் ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்தது, ஒருமுறை அவளைப் பார்த்தது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை. முத்தமிழ்செல்வன் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கென்ன இப்ப? ஐஸும் சோடாவும் ஊத்துனா சரியாயிடும். நம்ம ஊரு ஆளுங்களுக்கு என்ன தெரியப்போவுது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதே சொல்லை அவள் அப்பாவும் கேட்டிருக்கிறார், வேறு வேறு வாய்களிலிருந்து. இவனுக்கெல்லாம் எதற்கு நல்ல துணி, இவன் மகளுக்கு எதற்குக் காலேஜ். ஒரு காலத்தில் டீக்கடை வாசலில் தனி கிளாஸில்தான் தர்மனுக்கு டீ கிடைத்தது. கிளாஸ் தனி என்றாலும் டீ எல்லோருக்கும் ஊற்றிய டீதான். இங்கே கிளாஸ் பளபளக்கிறது, உள்ளே ஊற்றுவது இது.

"கற்பூரம்னு சொல்லிச் சுண்ணாம்புக் கல்லக் கொளுத்துனா கழுதைக்கும் தெரியுங்க சார். எட்டு மாசமா இந்த ஊர் ஆளுங்க குடிச்சுப் பாத்துட்டுப் பாதில வச்சிட்டுப் போயிருக்காங்க, மறுபடி கேக்கல. அதான் பாட்டில்ல இன்னும் மிச்சம் இருக்கு."

ராசாங்கத்துக்கு முகம் கறுத்தது. "வேலை வேணுமா வேணாமாம்மா? வேணும்னா கையெழுத்தப் போடு."

வேலை வேண்டும்தான். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும்தான். இப்போது கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெங்களூர் பஸ். ஆனாலும் பேனாவை எடுத்தாள்.

பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். மேலே 'வினிகர், பதினான்கு வகை. சில்லி சிக்கனுக்கு உகந்தது' என்று எழுதினாள். அடியில் இருந்த 'பெங்களூரு'வையும் அடித்துவிட்டு, ராசாங்கத்தின் கண்ணெதிரே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

'த. சத்யப்பிரியா, தர்மன் மகள், பெரம்பலூர்.'