சிங்குக்கு அடியில் மாப்பிள்ளை

தலை ஆடிக்கு மாப்பிள்ளை வந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் அடுக்களை சிங்க் சீனித்தாயின் மானத்தை வாங்கியது.

ஒழுகல் ஒன்றும் புதிதில்லை. பங்குனியிலிருந்தே சிங்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒரு வாளியை வைத்து, வாளி தெரியாமலிருக்கப் பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்காரர் நயினாருக்கு ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி நேரம். கேட்டால், “நாளைக்கு ஆள் வரச்சொல்லுதேன்” என்பார். சரியென்று அவளே பிளம்பர் செபாஸ்டினுக்குப் போன் போட்டாள். “மாதா கோயில் திருவிழா நடக்குல்லா அக்கா, முடியட்டும், வாரேன்” என்றான் அவன். விடிந்தால் பதினெட்டாம் பெருக்கு. மாப்பிள்ளை விருந்து.

மாப்பிள்ளை செந்தூர்வேல் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். வயல்காட்டுக் குடும்பம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. தையில் கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து சீனித்தாய் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை, கூச்சம்தான். அவள் வளர்ந்த வீட்டில் மாமியார்கள் மருமகன்மாரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைக்கவான்னு கேளுளா” என்று மகள் ஐஸ்வர்யாவிடம் சொல்லுவாள். “போதும்னு சொல்லு” என்று அவனும் ஐஸ்வர்யாவிடமே சொல்லுவான். நடுவில் ஒரு சாப்பாட்டு மேசைதான் இருக்கும்.

அன்றைக்குக் காலையில் ஐஸ்வர்யா தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கப் போயிருந்தாள். சீனித்தாய் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், வாளி நிரம்பி, தண்ணீர் அடுக்களை தாண்டி ஹாலுக்கு ஓடியிருந்தது. மாப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, திரையை விலக்கிவிட்டு, சிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கிடந்தான்.

அவள் அவசரமாகப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏளா, அவுகள எந்திரிக்கச் சொல்லு. விருந்துக்கு வந்த ஆளு சிங்குக்கு அடியில கெடக்காவ!”

அடியிலிருந்து சத்தம் வந்தது. “ஐஸு, வீட்ல ஸ்பேனர் இருக்கான்னு அத்தைட்ட கேளு.”

“ஒரே அடுக்களையில இருக்க ரெண்டு பேருக்கு நான் தெருவுல நின்னு தபால் குடுக்கணுமாக்கும்? நீங்களே பேசிக்கிடுங்க.” ஐஸ்வர்யா வைத்துவிட்டாள்.

சீனித்தாய் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

அவன் பைப்பைப் பொருத்தியிருந்த நட்டை இறுக்கினான். குழாயைத் திறந்தால் மறுபடியும் சொட்டியது. அடியில் எல்லாமே ஈரமாக இருந்ததால் எங்கேயிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை.

“யார்டுல கண்டெய்னர் ஒழுகுமான்னு பாக்க ஒரு ஆள உள்ள விட்டுக் கதவ அடைப்போம்” என்று அவன் பைப்பைப் பார்த்துச் சொன்னான். “எங்கன வெளிச்சம் தெரியுதோ அங்கன ஓட்ட. இதுக்குள்ள யாரப் போய் விட?”

சீனித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தாள். வெளிச்சம் போகாவிட்டால் என்ன, நிறம் போகுமே. சிங்கின் ஓட்டையைத் துணிப்பந்தால் அடைத்து, தண்ணீர் பிடித்து, மஞ்சள்தூளை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். பழைய துண்டு ஒன்றைக் கீழே நீட்டினாள். அவன் புரிந்துகொண்டு அடியில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தான். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைப் காய்ந்தே கிடந்தது. அதற்கு மேலே, சிங்கின் அடிவயிற்றில், சல்லடையைப் பைப்போடு சேர்க்கிற கப்ளிங் உட்கார்ந்திருக்கிற வளையத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு கசிந்து, சொட்டாகத் திரண்டது.

“இங்கனதான்!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

செந்தூர்வேல் தெருமுனையில் கிருபாநிதி அண்ணாச்சி கடைக்குப் போய் ரப்பர் வாஷரும் ஒழுகல் அடைக்க ஒரு டியூப் சிலிகான் பசையும் வாங்கிவந்தான். கப்ளிங்கைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. உப்புக் காற்றில் நட்டு துருவேறி, திருப்பினால் மேலே உள்ள சல்லடையும் சேர்ந்து சுற்றியது.

“அத்தை, மேல சுத்தாமப் பிடிச்சிக்கிடுங்க.”

அவள் துணிப்பந்தை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு, இரண்டு கரண்டிக் காம்புகளைச் சல்லடை ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தாள். அவன் மூச்சைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினான். நட்டு சட்டென்று விட்டுக்கொடுக்க, பைப்பில் தேங்கிநின்ற மஞ்சள் தண்ணீர் அப்படியே அவன் முகத்தில் இறங்கியது.

“ஐயோ மாப்பிள, கண்ண மூடுங்க!”

சொன்ன பிறகுதான், நேராகப் பேசிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் வெளியே வந்தான். நெற்றி, மூக்கு, காது எல்லாம் மஞ்சள்.

“நலங்கு வச்சப்பக்கூட இம்புட்டு மஞ்சள் பூசலையே அத்தை!”

சீனித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

பிறகு வேலை சுலபமாக நடந்தது. காய்ந்து வெடித்திருந்த பழைய பூச்சை அவள் கத்தியால் சுரண்டி, துடைத்து, உலரவிட்டாள். அவன் விளிம்பைச் சுற்றி சிலிகானைப் பிதுக்கி, கப்ளிங்கை வைத்து, கீழே புது வாஷரைப் போட்டு நட்டை ஏற்றினான்.

“ரொம்ப இறுக்காதிய. ரப்பர் பிதுங்குது, பாருங்க.”

“சரி அத்தை.”

மேலே வழிந்த சிலிகானை அவள் விரலால் வழித்தெடுத்தாள். சாயங்காலம் வரை சிங்கில் தண்ணீர் விடக்கூடாது என்று டியூபில் போட்டிருந்ததை அவன் வாசித்துச் சொன்னான். பாத்திரங்களைக் கொல்லைக் குழாயடியில் போட்டு அவள் தேய்க்க, அவன் அலசினான். வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை. அந்நேரம் கடையிலிருந்து வந்த நயினார், “என்ன, ஆளு வந்தானா?” என்று கேட்டார்.

“வந்தாவ” என்றாள் சீனித்தாய்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “காப்பி குடிக்கியளா?”

“குடிக்கேன் அத்தை.” அவன் கொஞ்சம் தயங்கினான். “சீனி மட்டும் பாதி போட்டாப் போதும். ஐஸுட்ட முன்னமே சொல்லச் சொன்னேன்.”

பிளவுஸோடு வந்து சேர்ந்திருந்த மகளை அவள் பார்த்தாள். ஐஸ்வர்யா, “சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு நெனச்சேம்மா” என்று முனகினாள்.

“கல்யாணம் ஆனதுல இருந்து அம்புட்டு இனிப்பையுமா குடிச்சிய?”

“குடிச்சேன்.”

சீனித்தாய் அரைக் கரண்டி சீனி போட்டு ஆற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றான். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாளைக்கு வைக்கப்போகிற புளியோதரைக்குக் காரம் எவ்வளவு வேண்டும், தேங்காய்ச் சாதம் பிடிக்குமா, அவன் வீட்டில் அவியலுக்குத் தயிர் ஊற்றுவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.