ஒரு விரல் இடம்

கட்டில் நாலடியிலேயே நின்றுகொண்டு, வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இழுடா," என்றாள் அக்கா. "கீழ வண்டி வந்துடுச்சு."

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அத்தான் இதை எப்படித்தான் இழுத்தாரோ, அவரையே கேளு."

சொன்ன பிறகுதான் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். கீழே வண்டியில் வந்திருப்பவர் அத்தான்தான். கேட்டால் சொல்கிற நிலையில் அவர் இல்லை.

வீட்டில் வேறு கட்டில் இல்லாமல் இல்லை. பெரிய கட்டிலை அத்தான் சுவரோடு வைத்துத் திருகி முடுக்கியிருந்தார். பூகம்பம் வந்தால் சுவர் போகும், கட்டில் போகாது. சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். மிஞ்சியது மகளின் கட்டில், வியாழக்கிழமைதான் கடையிலிருந்து வந்து இறங்கியது. பிள்ளை வளர வளர நாலடி, ஐந்தடி, ஆறடி என்று நீட்டிக்கொள்ளும் கட்டில். அதில் அவள் படுத்தது மூன்றே இரவுகள்.

அத்தானுக்குச் செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவு. இருபது வருஷமாக மண்டியிட்டு, ஷூ முனையைக் கட்டைவிரலால் அமுக்கி, "ஒரு விரல் இடம் விட்டு எடுங்க, வளர்ற பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவருடைய கொள்கையாகிவிட்டது. மகள் சுண்டுவுக்கு ஆறு வயது. அவள் சட்டைகளுக்கு எட்டு. மழைக்கோட்டை அவள் போட்டுக்கொண்டு போனாளா, அது அவளைப் போட்டுக்கொண்டு போனதா என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

இந்தக் கட்டிலுக்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார். உயரம் கூட்டுகிற மேசைகளின் கைப்பிடியை எல்லாம் சுழற்றிப் பார்த்தார். கடைசிக் கடையில் கட்டிலை ஆறடிக்கு நீட்டி, ஷூவைக் கழற்றிவிட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு படுத்தேவிட்டார்.

"எந்திரிங்க அத்தான், மானம் போகுது. குழந்தைங்க கட்டில் இது."

"இருடா மாப்ள. பதினெட்டு வயசுல என் உயரம் வந்துடுவா. குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவுல விரல் வச்சுப் பாரு, இடம் இருக்கா?"

தம்பி வைக்கவில்லை. செல்போனில் யாரோ கூப்பிட்டது போல, யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

நேற்று மாலை செருப்புக் கடையில் ஒரு குழந்தைக்கு லேஸ் கட்டக் குனிந்த அத்தான் நிமிரவில்லை. ஒரு முடிச்சுக்கு இவ்வளவு நேரமா என்று அந்தக் குழந்தையின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாளாம்.

"அடியில கொக்கி இருக்கு, மாமா," என்று கதவோரத்திலிருந்து சுண்டுவின் குரல் வந்தது. "அதை அமுக்கிட்டு இழுக்கணும். அப்பா காட்டினாரு."

அமுக்கினான். கட்டில் ஒரே வழுக்கலில் ஆறடிக்கு வந்து டக்கென்று நின்றது.

கூடத்தில் அத்தானைப் படுக்க வைத்தார்கள். தம்பியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டான்; வரிசையைக் கலைத்தான்; மூன்று முறை தண்ணீர் வாங்கப் போய் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினான். நான்காம் முறை கிளம்பியபோது சுண்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பாகிட்ட, போகும்போது கட்டிலைச் சின்னதாக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு அமுக்க வராது."

"சொல்றேன்."

"இப்பவே."

சுற்றிலும் முப்பது பேர். தம்பி குனிந்து அத்தானின் காதருகே வாயைக் கொண்டுபோய்ச் சொன்னான். சொல்லிவிட்டு நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

மதியத்துக்கு மேல் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது, அத்தானின் அண்ணன் கட்டிலை வாசல் வரை இழுத்து வந்துவிட்டார்.

"ஒரு கை குடுடா. இதைக் கீழ கொண்டு போய்ப் போட்டுடலாம்."

"புதுசு, பெரிய அத்தான்."

"புதுசாவது பழசாவது. பிணம் கிடந்த கட்டில்ல பிள்ளையைப் போடுவியா? நான் வேற வாங்கித் தர்றேன். ஒரே தடவையா ஆறடி. இந்த இழுபறி எல்லாம் வேணாம்."

காலையிலிருந்து உட்காராத தம்பி கட்டிலில் உட்கார்ந்தான். அதுவும் போதாது என்று பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நீட்டிப் படுத்துவிட்டான்.

"எந்திரிடா! நாலு பேர் பாக்குறாங்க. மானம் போகுது."

"பாக்கட்டும். என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

பெரியவர் தூக்கிப் பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். அதற்குள் அடுக்களை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அன்று முழுக்க அழுது அது பாதியாகத் தேய்ந்திருந்தது.

"அவ ரூம்லயே போடச் சொல்லுங்க. ஆறு வாரம் அலைஞ்சு எடுத்தது."

பெரியவர் தலைமாட்டைப் பிடித்தார். தம்பி இறங்கிக் கால்மாட்டைப் பிடித்தான். அறைக்குள் ஜன்னலோரம், அத்தான் தரையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த இடத்திலேயே போட்டார்கள். பெரியவர் போன பிறகு தம்பி மண்டியிட்டு, கொக்கியை அமுக்கி, உள்ளே தள்ளினான். ஆறு ஐந்தாயிற்று. ஐந்து நாலாயிற்று. டக்.

சுண்டு வந்து கட்டிலைப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"நீதான் பார்த்தியே."

அவள் ஏறிப் படுத்தாள். எட்டு வயதுச் சட்டை முழங்காலுக்குக் கீழே வழிந்தது. ஜன்னலில் நாலு மணி வெயில் இருக்கும்போதே தூங்கிப்போனாள்.

தம்பி எழுந்திருக்கப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அவள் குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்தான். இரண்டு விரலுக்கே இடம் இருந்தது. தூக்கத்தில் அவள் காலை நீட்டினாள். குதிகால் வந்து அவன் விரலைப் பலகையோடு சேர்த்து அழுத்தியது.

கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் விரலை எடுக்கவில்லை.