செவ்வாயில் முகம் வராத கோமதிநாயகம்

முள்ளிக்குண்டில் எல்லோருக்கும் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பாறை உண்டு. அவரவர் முகச்சாடையிலேயே இருக்கும். சிலருக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மரக்கடை கோமதிநாயகம் ஒருத்தருக்குத்தான் கிடைக்கவே இல்லை.

அங்கே ஊர்ந்துகொண்டிருக்கிற வண்டி படம் எடுத்து அனுப்பியதும், பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வின் அதைப் பெரிதாக அச்சடித்து, நிலையத்துச் சுற்றுச்சுவரில் கட்டிவிடுவான். காலையில் பால் வாங்க வருகிறவர்கள் தூக்குச்சட்டியோடு நின்று பார்ப்பார்கள். "இந்தா கெடக்கான் பாரு, பலசரக்குக் கடைக்காரன்" என்று யாராவது கைகாட்டுவார்கள். உடனே ஆள் போகும். பலசரக்குக் கடைக்காரர் வந்து, படத்தில் இருக்கிற மாதிரியே இடது கன்னத்தில் வெயில் விழும்படி பாறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சொந்தக்காரர்கள் சாட்சி செல்லாது. பெற்ற தாய்க்கு எந்தக் கல்லும் தன் பிள்ளை மாதிரித்தான் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து நிலத்துக்காரர் வந்து பார்த்து, "ஆமா, அவன்தான். அதே திருட்டு முழி" என்று சொன்னால் முடிந்தது. செல்வின் கத்தியை எடுத்து அந்தப் பாறையை மட்டும் சதுரமாக வெட்டிக் கொடுப்பான். வீட்டு முகப்பில் அதைக் கட்டி, தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுப்பார்கள்.

முகம் அல்லாத பாறைகளும் வருவதுண்டு. கரண்டி மாதிரி, ஏணி மாதிரி, கதவு மாதிரி. அவை பஞ்சாயத்துக்குப் பொது. கதவு மட்டும் சும்மா கிடக்கிறது. இன்னும் யாரும் போய்த் தட்டவில்லை.

பாறை கிடைத்துவிட்டால் பொறுப்பும் கூடவே வந்துவிடும். மீசையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கன்னம் ஒட்டினால் சாப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். அங்கே புழுதிக்காற்று அடிக்கிற காலத்தில், ஒரு மரியாதைக்கு, இங்கேயும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள்.

கோமதிநாயகத்தின் முகத்தில் மூக்குதான் பெரிய பங்கு. மழையில் குடையில்லாமல் போனாலும் மேலுதடு நனையாது. அவருடைய அப்பாவுக்கும் அதே மூக்குதான், அப்பாவைப் பெற்றவருக்கும் அதே மூக்குதான். மூக்கு என்று ஒன்று வைத்தால் இப்படி வைக்க வேண்டும், மற்றவர்களுக்கு வைத்திருப்பது சும்மா இடத்தைக் குறித்து வைத்த மாதிரி என்பது அவர் கட்சி. தினமும் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, சுவரின் முன்னால் போய் நிற்பார். ஒவ்வொரு பாறையாகப் பார்ப்பார். பிறகு யாரும் கேட்காமலே, "வண்டி இன்னும் நல்ல பகுதிக்குப் போகலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். நடையில் தளர்ச்சி இருக்காது.

அவர் மனைவி உலகம்மாளுக்கு ஒரு பாறை வந்துவிட்டது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய மாதிரியே. உலகம்மாளின் தம்பி சொரிமுத்துவுக்கு மூன்று பாறை. நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, சிரிக்கிற மாதிரி ஒன்று. வீட்டு முகப்பில் மூன்றையும் வரிசையாகக் கட்டிவிட்டு, அதற்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

"என்னத்தான், இன்னைக்கும் வரலியா?"

"வரும்லே."

"வராம எங்க போகும்? ஒங்க மூக்குக்குத் தக்கன கல்லு அங்க சிக்கணும்லா. ரெண்டு மூணு கல்லை ஒட்டவச்சுத்தான் எடுக்கணும்போல."

"ஒனக்கு மூணு கல்லு வந்ததே எதுக்குன்னு நெனைக்க? ஒரு கல்லுல ஒன்னை அடையாளம் தெரியலைன்னுதான்."

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் மகள் பொன்மலருக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் பக்கத்து ஊர். பொருத்தம் பார்க்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. பொன்மலரின் பாறையும் பையனின் பாறையும் ஒரே படத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் இருந்தது. அதைப் பற்றி இரு வீட்டாரும் நாகரிகமாக எதுவும் பேசவில்லை.

பையனின் அப்பா தளவாய், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறைப்படி செய்கிறவர். காபியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணுக்கு முகம் இருக்கு. பொண்ணோட அம்மாவுக்கு இருக்கு. பொண்ணோட அப்பாவுக்குத்தான் இல்லைன்னு சொல்லுதாங்க. செவ்வாய் தோஷம் உள்ளவங்க சபையில பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுக்கது எங்க பக்கம் வழக்கமில்லை. தப்பா நெனைக்கப்படாது. தாய்மாமா குடுக்கட்டுமே. அவருக்கு மூணு இருக்குதாமே."

அந்த வட்டாரத்தில் செவ்வாயில் முகம் வராதவர்களைத்தான் அப்படிச் சொல்வது. கோமதிநாயகம் மூக்கின் வழியாக ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். மேசைமேல் இருந்த வெற்றிலை ஒன்று புரண்டு படுத்தது.

பொன்மலர்தான் கதவோரம் நின்று சொன்னாள். "எங்கப்பா கையைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் நான் மணையில ஒக்காருவேன். இல்லைன்னா அந்தக் கல்லு ரெண்டும் அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிடட்டும்."

தளவாய், நிச்சயதார்த்தத்துக்குள் முகம் வந்துவிட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லி எழுந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் சொரிமுத்து தன் பக்கவாட்டு முகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். கேலி பேசுகிறவன்தான், ஆனால் அக்காள் மகள் மேல் உயிர்.

"அத்தான், இதை வச்சுக்கிடுங்க. எனக்கு ரெண்டு போதும். நெத்தி ஒங்க நெத்தி மாதிரிதான் இருக்கு. மூக்குதான் கொஞ்சம் சப்பை. அதுக்கென்ன, சபையில நிக்கும்போது கைக்குட்டையை வச்சு லேசா மூடிக்கிடுங்க."

"மூக்கை மூடிக்கிட்டுப் பொண்ணைக் குடுக்க நான் என்ன கருவாடாலே விக்கேன்?"

"ஒரு நாளுதானங்க" என்றாள் உலகம்மாள்.

"ஒரு நாளு ஒன் தம்பி மொகத்தோட நின்னா, மறுநாள் நான் எந்த மொகத்தோட எந்திரிக்க?"

சொரிமுத்து பிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்த படங்களில் ஒரு செருப்பு, ஒரு ஆட்டுக்கல், சின்னதாக ஒரு தண்டவாளத் துண்டு, கிழக்குத் தெருவில் புதிதாகக் குடிவந்தவரின் முகம், இவைதான் தெரிந்தன. கோமதிநாயகம் அன்றைக்கும் குளித்து, திருநீறு பூசி, சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி மெதுவாத்தான் போகும்" என்றார். பொன்மலர் தலையை மட்டும் ஆட்டினாள். பூ வைத்துக்கொள்ளவில்லை.

பந்தல் செல்வினின் பொறுப்பு. அவன் பாறைகளைச் சதுரமாக வெட்டிக் கொடுத்ததும், ஒவ்வொரு படத்திலும் மேல்பாதி மிஞ்சும். அதில் தூரத்து மலையும் கொஞ்சம் வானமும்தான் இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை, வைக்கோல்போருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போட்டு மூடுவார்கள். சித்திரை வெயிலுக்குத் தென்னங்கீற்று தாங்காது என்று, கடையில் சேர்ந்துகிடந்த மேல்பாதிகளை எல்லாம் ஒட்டி, செல்வின் பந்தலுக்குக் கூரை போட்டான். வேலையில் சுத்தம் உள்ளவன். மலையோடு மலையாகவும் வானத்தோடு வானமாகவும் பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தான்.

தட்டு மாற்ற நல்ல நேரம் வருவதற்குள் பந்தி முடிந்தது. தளவாய்க்குப் பாயசம் இரண்டாம் தடவை வராத கோபம். நாற்காலியில் சாய்ந்து, இடுப்புத் துண்டைத் தளர்த்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். பிறகு முன்னால் வந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மேல இருக்கது என்ன?"

"மலை, அண்ணாச்சி" என்றான் செல்வின்.

"மலைன்னா ரெண்டு துவாரம் எதுக்கு?"

செல்வினும் அண்ணாந்தான். பந்தலில் இருந்த எல்லோரும் அண்ணாந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்தார். பந்தல் முழுக்க, வாசலில் இருந்து கொல்லை வரைக்கும், அந்த மூக்குதான் நின்றது. இரண்டு பக்கமும் இறங்கிப் பரந்த கன்னம். மேலே, வானத்தைத் தாங்கிக்கொண்டு நெற்றி.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார் தளவாய்.

கோமதிநாயகம் வந்து நின்றார். இடது கன்னத்தில் வெயில் விழுவதற்காகப் பந்தலின் ஓரத்தை ஒருவர் தூக்கிப் பிடித்தார். தட்டு இன்னும் மாற்றியாகவில்லை, ஆகவே தளவாய் இன்னும் சொந்தக்காரர் ஆகவில்லை. போதாததற்குக் கோபமாக வேறு இருந்தார். அவர் சாட்சி எல்லா வகையிலும் செல்லும்.

"ஆமா, இவருதான்" என்றார் தளவாய். "அதே தெனாவட்டு."

நாதஸ்வரக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசித்தார்கள். அந்த மலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். அது அவர்கள் வசதிக்கு.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஊராருக்கு மற்றது விளங்கியது. வண்டி இத்தனை வருஷமும் கோமதிநாயகத்தின் இடது கன்னத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பலசரக்குக் கடைக்காரர், பக்கத்து நிலத்துக்காரர், உலகம்மாள், மாப்பிள்ளை, தளவாய், பஞ்சாயத்துக் கதவு, எல்லாம் அந்தக் கன்னத்தில்தான் கிடந்தன. சொரிமுத்து மூன்று இடத்தில் கிடந்தான். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், நாங்க எல்லாரும் அங்கேயே இருந்துக்கிடலாமா?"

கோமதிநாயகம் ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இருங்க, இருங்க. எனக்கொண்ணும் எடைஞ்சல் இல்லை. மீசைப் பக்கம் மட்டும் யாரும் வந்துராதீங்க, கூசும்."

தட்டு மாற்றினார்கள். பொன்மலர் உள்ளே போய்ப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் அதே பந்தலில், அதே மூக்கின் கீழே நடந்தது. கோமதிநாயகம் தலைகுனிந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்டோவில் ஏறினால் குனிய வேண்டும் என்பதற்காக நடந்தே போகிறவர். கோயிலில் கூட, சாமி கொஞ்சம் உயரமாக இருப்பதால், நிமிர்ந்துதான் கும்பிடுவார். அவர் குனிந்தால் அங்கே கன்னமும் சாயும் என்று இப்போது ஊருக்குத் தெரியும் என்பதால், அவர் மகளின் கையைப் பிடிக்கப் போனபோது எல்லோரும் ஆளுக்கொரு பிடிமானம் பார்த்துக்கொண்டார்கள். சொரிமுத்து பந்தக்காலைக் கட்டிக்கொண்டான். தளவாய் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மணை தாழ்வாக இருந்தது. கோமதிநாயகம் நேராக நின்றபடி கையை நீட்டினார்.

"எட்டலைப்பா" என்றாள் பொன்மலர். "கொஞ்சம் குனிங்க."

அவர் மகளைப் பார்த்தார். பந்தலில் வெற்றிலை மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது. பிறகு மூக்கை முன்னால் விட்டு, மெதுவாக, யாருக்கும் அடிபடாதபடி, குனிந்தார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வைத்துவிட்டும் உடனே நிமிரவில்லை.

மறுநாள் படம் வந்தது. பாறைகள் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டிருந்தன. சொரிமுத்துவின் மூன்றும் தளவாய் மேல் போய்ச் சாய்ந்திருந்தன. அதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே டீயை வாங்கிப் பாதிப் பாதியாகக் குடிக்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் நெற்றி பலசரக்குக் கடைக்காரரின் நெற்றியோடு முட்டிக்கொண்டு நின்றதால், வரப்புத் தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பொன்மலருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இப்போது இடமே இல்லை. சின்னக் கல் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது.

வண்டியும் சாய்ந்துவிட்டதால், படங்கள் எல்லாம் இப்போது ஒருக்களித்துத்தான் வருகின்றன. தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்துப் பார்த்து, முள்ளிக்குண்டுக்காரர்கள் அப்படியே நடக்கவும் பழகிவிட்டார்கள். கோமதிநாயகம் ஒருவர்தான் நிமிர்ந்து போகிறார். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது இப்போது சுலபம். மழைக்கு முன்னால் பஞ்சாயத்து ஆட்கள் வந்து ஊர்ப் பெயர்ப்பலகையையும் மின்கம்பங்களையும் இடப்பக்கம் சாய்த்து நட்டுவிட்டுப் போனார்கள். குளத்துத் தண்ணீர்தான் இன்னும் மட்டமாக நிற்கிறது. அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.