பதிவை அழித்தவர்

இரண்டாயிரத்து ஏழில், கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு காப்புறுதிக் கம்பனியின் கண்டிக் கிளைக்கு உத்தரவு வந்தது. கணினிகளில் யார் எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள் என்பது பதிவாக வேண்டும். காரணமில்லாமல் ஊழியர் விபரக் கோப்பில் கைவைத்தவர் விளக்கம் கொடுக்க வேண்டும்.

கிளையின் கணினிகளுக்குப் பொறுப்பானவர் நவரட்ணராஜா. வடக்கே பருத்தித்துறைக்காரர், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தார். ஒவ்வொரு கணினியாகப் போய் உட்காராமல், சேர்வரில் ஒரே இடத்தில் விதிகளை அமைத்து எல்லாவற்றுக்கும் அனுப்பினார். பதிவு தொடங்கியது. திங்கட்கிழமைகளில் மனேஜர் தன் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார் என்று அது காட்டியது. கிளைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அடுத்த மாதம், ஊழியர் விபரக் கோப்பில் றம்ஸியா ஏதோ மாற்றியதாகப் பதிவாகியிருந்தது. ஊழியர் பிரிவின் லிகிதர் அவள். ஆனால் புதிதாக யாரும் சேரவுமில்லை, விலகவுமில்லை. நவரட்ணராஜா பழைய பிரதியோடு ஒப்பிட்டார். ஒரே ஒரு சொல் மாறியிருந்தது. கோப்பின்படி இப்போது அவர் அம்பிட்டியவில் பிறந்திருந்தார்.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது; அங்கே பிறந்த ஊழியர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்கிறது என்று மனேஜர் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்.

அவர் றம்ஸியாவின் மேசைக்குப் போனார்.

“தங்கச்சி, நான் பிறந்த இடத்தை நீங்கள் மாத்தினனீங்களோ?”

“நான்தான் மாத்தின. அவங்க கூட்டிட்டுப் போனா எப்ப விடுவாங்கன்னு தெரியாதே சேர்.”

“என்ர அடையாள அட்டையில பருத்தித்துறை எண்டெல்லோ கிடக்கு. ரெண்டும் ரெண்டு மாதிரி இருந்தா இன்னும் கரைச்சல்.”

றம்ஸியாவின் முகம் சுருங்கியது. “அத நான் யோசிக்கல்ல,” என்று சொல்லிப் பழையபடி திருத்தினாள். அந்தத் திருத்தமும் பதிவானது.

இந்த ஊரில் தனக்காக ஒருவர் பொய் எழுதியது நவரட்ணராஜாவுக்கு அதுவே முதல் தடவை. தண்ணீர் குடித்துவிட்டு, சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்து, றம்ஸியாவின் பெயர் இருந்த முழுப் பதிவையும் அழித்தார். அழித்ததும் புதிய பதிவில் முதல் வரி தானாக விழுந்தது: பதிவை அழித்தவர், நவரட்ணராஜா. அப்படி விழும் என்று அவருக்குத் தெரியும்.

விபரம் பொலிஸுக்குப் போனது. அவரைக் கூப்பிட்டார்கள். என்ன வேலை என்று கேட்டார் பொறுப்பதிகாரி. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது என்றார் நவரட்ணராஜா. அதிகாரி, வடக்கிலிருந்து வந்தவர்களின் வீடுகளைக் குறித்துத் தன் சுவரில் தொங்கவிட்டிருந்த வரைபடத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். பின்னேரம் போகச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஹபீல் என்ற அதிகாரி தொலைபேசியில் வந்தார்.

“பதிவ ஏன் அழிச்சீங்க?”

“நிரம்பிட்டுது.”

“நிரம்பினா பழசுக்கு மேல எழுதற மாதிரி வைக்கலாமே. இன்னொரு தரம் அழிச்சா வேலை போகும், சரியா?”

“ஓம், அப்பிடியே வைக்கிறன்.”

அவர் ரிசீவரை வைக்கும்வரை றம்ஸியா பக்கத்திலேயே நின்றாள்.

“பொலிஸ்ல தேத்தண்ணி தந்தாங்களா சேர்?”

“தரேல்ல.”

அவள் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள்.