மாஸ்க் இல்லாத படம்

பிரஷிங் பிரிவில் மின்விசிறி கிடையாது. முன்பு இருந்தன. காற்றில் ரோமம் பறந்து பக்கத்துப் பிரிவின் கறுப்பு ஸ்வெட்டர்களில் ஒட்டிக்கொள்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்; காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான் மிச்சம். ஒரகடத்து மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே நின்று, பனி பெய்யும் தேசத்துக்காரர்கள் போட்டுக்கொள்ளப்போகும் ஸ்வெட்டர்களை விரித்து, கம்பிப் பிரஷ்ஷால் இழுத்து இழுத்து ரோமத்தைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தாள் சசிரேகா. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க், அதன்மேல் துப்பட்டா. அப்படியும் மாலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பழுப்பு நூலாக வந்தது.

பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்த இருமல் விடவில்லை. தூசியை விட்டு வெளியே வராவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். இருங்காட்டுக்கோட்டையில் அவள் புருஷன் மோகன் பார்த்துவந்த காண்ட்ராக்ட் வேலை போனதிலிருந்து அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். வெளியே போக முடியாது. உள்ளேயே தள்ளி உட்காரலாம். பேக்கிங்கில் டேக் கட்டும் கங்காவுக்கு வைகாசியில் கல்யாணம். அவள் இடம் காலியாகிறது. அங்கே ரோமம் பறக்காது.

அதைத்தான் சூப்பர்வைசர் மெர்சியிடம் கேட்டாள். மெர்சி ஒரு டேக்கை எடுத்துக் காட்டினாள்.

"இந்தக் கம்பளிக்கு அலர்ஜியே வராதுன்னு இதுலயே போட்டிருக்கு சசி. ஆட்டுக் கம்பளியில இருக்கற பிசுக்கு அல்பாகாவுல இல்லியாம், அதான் அரிக்காது. இத வெச்சிக்கினு, இதனாலதான் இருமுதுன்னு மேனேஜர்கிட்ட நான் எப்டி போய் நிப்பேன்?"

"போட்டுக்கறவங்களுக்கு வராதுக்கா. நான் இன்னா போட்டுக்கினா கீறேன்? மூச்சுல இழுத்துக்கினு கீறேன்."

மெர்சி டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. "வியாழக்கெழம வீடியோ எடுக்க வராங்க. நம்ம கம்பளி ஏன் நல்லதுன்னு இங்க வேல செய்யறவங்களே சொல்லணுமாம். உன் மூஞ்சி நல்லாருக்குன்னு மேனேஜர் சொன்னாரு. நீ மட்டும் இருமாம பேசிக் குடு. பேக்கிங் உனக்குத்தான், நான் கேட்டு வாங்கித் தரேன்."

சாப்பாட்டு நேரத்தில் கங்கா எதிரே உட்கார, சசிரேகா வீடியோவுக்காக எழுதித் தந்த பாடத்தை ஒப்பித்தாள். அல்பாகா என்பது ஒட்டகச் சாயலில் உள்ள ஒரு பிராணி, வெளிநாட்டு மலையில் மேய்வது. வருஷத்துக்கு ஒரு தடவை ரோமம் வெட்டினால் போதும். புல்லை வேரோடு பிடுங்காது, நுனியை மட்டும் கடிக்கும். பாதம் மெத்தென்று இருப்பதால் மண் கெடாது. ரோமமே பல நிறத்தில் வருவதால் சாயத்துக்கு அவசியமில்லை. பழசானால் மண்ணோடு மக்கிவிடும்.

"வருசத்துக்கு ஒரு தபாதான் வேல, மிச்ச நாளெல்லாம் மேய்ச்சலு," என்றாள் கங்கா. "அந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லுடி."

சசிரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கங்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பாடத்தில் பொய் ஒன்றும் இல்லை என்பது சசிரேகாவுக்கும் தெரியும். இத்தனை மிருதுவான ஒன்றை அவள் கை வேறெங்கும் தொட்டதில்லை. தன் குழந்தைக்கு இதில் ஒரு சட்டை தைத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை வீடியோ எடுக்க வந்த பையனுக்கு ஊர் சென்னைதான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, மாஸ்க்க எடுத்துருங்க. ஏதோ கெமிக்கல் ஃபேக்டரி மாதிரி தெரியுது. அந்த ஃபேனையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சத்தம் வருது."

இருந்த ஒரே எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றது. சசிரேகா உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு, இருமலைத் தொண்டைக்குக் கீழேயே பிடித்து வைத்து, புல்நுனியிலிருந்து மக்கிப்போவது வரை சொல்லி முடித்தாள். ஒரு தடவைகூட இருமவில்லை. முடிந்தது என்று அவள் மாஸ்க்கைத் தேடியபோது, கூரைச் சந்தில் இறங்கிய வெயிலைப் பையன் பார்த்துவிட்டான்.

"அக்கா, அக்கா, அப்டியே நில்லுங்க! இப்ப வேகமா பிரஷ் பண்ணுங்க. வெளிச்சத்துல பறக்குது பாருங்க, பனி கொட்டற மாதிரியே இருக்கு! சிரிச்சிக்கிட்டே பண்ணுங்க."

பண்ணினாள். இன்னொரு தடவை கேட்டான். அதையும் பண்ணினாள். கங்காவின் நாற்காலி மட்டுமே மனதில் இருந்தது. அவன் கேமராவை இறக்கியதும் கழிவறைக்கு ஓடி, குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே வந்த மெர்சி அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"முடிஞ்சிச்சுடி, முடிஞ்சிச்சு. திங்கக்கெழமைல இருந்து நீ அந்தப் பக்கம்தான்."

திங்கட்கிழமை சசிரேகா நேராகப் பேக்கிங்குக்குப் போனாள். கல்யாணத்துக்காக நின்றுவிட்ட கங்காவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெர்சி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வீடியோ நம்ம சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சாம் சசி. அடுத்த மாசம் நேர்லயே வராங்களாம். வீடியோவுல வந்த பொண்ணு அதே மேசையில இருக்கணும்னு மேனேஜர் சொல்ட்டாரு. நான் எவ்ளோ கேட்டும் பாத்தேன்."

"நல்லா பண்ணிட்டேன்றதுக்காகவாக்கா?"

சசிரேகாவுக்குக் கோபம் பொங்கியது. மேனேஜர்மேல், அந்தப் பையன்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே. அன்றைக்கு இருமித் தொலைத்திருக்கலாம்.

வாரக் கடைசியில் அவள் மேசைக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய படத்தை மாட்டினார்கள். அதில் சசிரேகா மாஸ்க் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் ஹவுஸ்கீப்பிங் நாகப்பன் துணியும் ஸ்டூலுமாக வந்தார்.

"இன்னாண்ணே, காலையிலதானே தொடச்சீங்க?"

"இன்னா பண்றது பாப்பா, படிஞ்சிக்கினே கீது. படம் மேல தூசி ஒக்காரக் கூடாதாம். படியப் படியத் தொடைக்கணும்னு மேனேஜரு ஆர்டரு."

ஸ்டூலில் ஏறி, கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தவளின் மூக்கையும் வாயையும் பதமாகத் துடைத்தார். பிறகு ஏறிய இடத்திலேயே துணியை ஓர் உதறு உதறினார். கீழே சசிரேகா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த ஸ்வெட்டரை விரித்தாள்.