மூன்றாவது சீட்டு

பதினேழாவது இழுப்பறையிலும் இல்லை. அவசரத்தில் அவள் சீட்டுகளைப் புரட்டுவதற்குப் பதிலாகக் கலைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாற்பத்தேழு இழுப்பறைகள் பாக்கி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"சீட்டு எங்க? அத மட்டும் சொல்லு."

"உங்க மேசைத் தட்டுலதான் வெச்சேன் சித்தி. சத்தியமா வெச்சேன்."

அக்கா அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்கா என்றால் பெரியம்மா மகள். அம்மாவிடம் வேலைக்கென்று வந்து வீட்டிலேயே தங்கி ஆறு மாதம் ஆகிறது.

அம்மா பேரகராதியின் பதிப்பாசிரியர். அந்த அலுவலகத்தில் ஒரே சட்டம்தான். ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் என்று போட வேண்டுமானால், அந்தப் பொருளில் அது வருகிற பழைய வாக்கியம் ஒன்றைச் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். சீட்டு இல்லையென்றால் பொருளும் இல்லை. முன்பு ஒருவர் வாக்கியங்களைத் தானே புனைந்து எழுதி வைத்து, அச்சான பிறகு குட்டு உடைந்தது. அம்மா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவளுக்கு ஈவிரக்கம் கிடையாது.

"என்ன குட்டி, அலமாரிக்குப் பேன் பாக்கறியா?" பக்கம் கட்டும் டி.டி.பி. அண்ணன் கணினிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சீக்கிரம் பாரு. சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போயிரும். அதுக்குள்ள கெடைக்கலன்னா உங்கக்கா வேலையே போயிரும்."

அது அவளுக்குத் தெரியாதா என்ன?

அக்கா வந்ததும் அவளிடமிருந்து முதலில் பறிபோனது வீட்டில் அவளுடைய துணி அலமாரியில் பாதி. அப்புறம் சாப்பாட்டு மேசைப் பேச்சு. கடைசியில் அம்மாவின் மேசையை ஒட்டிய நாற்காலி. இரண்டாம் வகுப்பிலிருந்து பள்ளி விட்டு வந்து அவள் வீட்டுப்பாடம் எழுதிய இடம் அது. "நீ வெளிய உக்காரு கண்ணு, நாங்க வேலையா இருக்கோம்" என்று அம்மா சொன்னாளே, அந்த 'நாங்க' இன்னும் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை சொல், உழையர். அரசனின் பக்கத்திலேயே இருப்பவர்கள். கிடைத்தவை இரண்டே சீட்டுகள். ஒன்றில் அவர்கள் விசிறி வீசினார்கள், மற்றதில் ஓலை கொண்டு போனார்கள். ஏவலாள் என்று போட்டு முடித்துவிடலாம் என்றாள் அம்மா. அக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஆவணக் காப்பகத்தில் மூன்று வாரம் தூசி தின்றுவிட்டு, ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சித்தி, கெடச்சிருச்சு! ராஜா படையெடுக்கலாமான்னு கேக்கறான். உழையர் வேண்டாங்கறாங்க. அவன் படைய நிறுத்திட்டு, குதிரைங்கள அவிழ்த்து விட்டுடறான். இவங்க வெறும் விசிறிக்காரங்க இல்ல, ராஜாவுக்கே யோசன சொல்றவங்க!"

அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "என் வயித்துல பொறந்திருக்க வேண்டியவடி நீ."

அம்மாவின் வயிற்றில் பிறந்தவள் கதவருகே தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்றே அம்மாவின் மேசைத் தட்டில் அக்கா எழுதி வைத்த சீட்டை எடுத்தாள். ஒரே ஒரு நாள் அக்கா திட்டு வாங்கட்டும், அவ்வளவுதான். எங்கே வைத்தோம் என்று தனக்கே தெரியாவிட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்காதே என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்ட இழுப்பறையில் செருகினாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது தோன்றியது. அறுபத்து நான்கு இழுப்பறைகள். இடம் மாறிய சீட்டு அங்கே செத்த சீட்டு. அந்த வாக்கியம் இருந்த ஏட்டுக்கட்டின் எண்ணும் அதில்தான் இருக்கிறது. காப்பகத்தையோ பழுதுபார்க்க ஒரு மாதத்துக்குப் பூட்டிவிட்டார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"அங்க என்னடி பண்ற?"

"சும்மாம்மா. அக்காவோட சீட்டு..."

அம்மாவின் முகம் இளகியது. "பாரு, உனக்காக எப்படித் தேடுறான்னு பாரு" என்றாள் அக்காவிடம். "வா கண்ணு. இங்க வந்து உக்காரு."

ஆறு மாதமாக ஏங்கிய நாற்காலி. உட்கார்ந்தாள். எதிரே அக்கா நின்றாள், மூக்கு சிவந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு. மேசையில் கிடந்த பக்கத்தில் 'அரசனுக்கு ஆலோசனை கூறுவோர்' என்பதை அம்மாவின் பென்சில் பாதி அடித்திருந்தது.

"இவ வாக்கியத்த இட்டுக்கட்டிட்டான்னு இன்னிக்கி அனுப்பிட்டேன்னா, நாளைக்கி எந்தப் பதிப்பகமும் வாசல்ல சேக்காது" என்றாள் அம்மா. பென்சிலைக் கீழே வைத்தாள். "கோவத்துல தப்பா முடிவெடுத்துடுவேனோன்னு பயமா இருக்குடி. எனக்கு வேற யாரு இருக்கா கேக்கறதுக்கு? ஆறு மாசமா ஒரே ரூம்ல இருக்கீங்க. என்னவிட உனக்குத்தான் இவளத் தெரியும்."

"சொல்லுடி" என்றாள் அக்கா. அவள் முகத்தில் சட்டென்று ஒரு தெம்பு வந்திருந்தது. "உனக்குத்தான் தெரியுமே. சொல்லு."

அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்றால், அப்படியானால் சீட்டு எங்கே போச்சு என்பதுதான் அடுத்த கேள்வி. சொல்லுவாள் என்றால், அக்காவுக்கு எந்த வாசலும் திறக்காது.

அம்மா நாற்காலியோடு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ சொல்றபடி செய்றேன். இவ பொய் சொல்றவளா?"